ஏரி நீரும் ராடார்ப் படமும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

தமிழ்நாட்டில் ஏரியோ குளமோ இல்லாத கிராமம் அரிது. வட மாவட்டங்களில் ஏரி என்றும் தாங்கல் என்றும், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் கண்மாய் என்றும் ஏந்தல் என்றும், திருநெல்வேலிச் சீமையில் குளம் என்றும் பெயர் மாறினும் பொருள் ஒன்றே. மழைக்காலத்து நீரைத் தேக்கி வைத்து, மழையற்ற நாட்களில் பயிருக்குப் பாய்ச்சுவதற்காக நம் முன்னோர் செய்து வைத்த ஏற்பாடு இது. பாசன ஏரிகள் மட்டுமே நம் மாநிலத்தில் சுமார் 39,000 உள்ளன. இவற்றுள் 40 எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உடையவை பஞ்சாயத்து யூனியன்களின் பொறுப்பில் இருக்கின்றன. ஊருணி, குட்டை, குளம் யாவற்றையும் சேர்த்து எண்ணிய மத்திய அரசாங்கத்தின் முதலாவது நீர்நிலைக் கணக்கெடுப்பின் அறிக்கை 2023-இல் வெளியாயிற்று. அதன்படி நாடு முழுவதிலும் உள்ள நீர்நிலைகள் 24,24,540. தமிழ்நாட்டில் உள்ளவை 1,06,957.

இத்தனை நீர்நிலைகளிலும் எந்த மாதத்தில் எவ்வளவு நீர் நின்றது என்பதை ஆண்டுதோறும் நேரிற் சென்று அளந்து எழுதுவதற்கு எந்த இலாகாவிடமும் போதிய ஆட்கள் இல்லை. ஆகவே, ஆகாயத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களைக் கொண்டு நீர்ப்பரப்பை அளக்கும் முறை உலகெங்கும் கையாளப்பட்டு வருகிறது. இப்படங்களுள் ஏரிக்கு மிகவும் உகந்தது ராடார்ப் படம். இன்றோ நாளையோ உங்கள் ஏரியின் ராடார்ப் படம் ஒன்று உங்கள் பஞ்சாயத்தின் மேசைக்கு வந்து சேரும். அதனை எவ்வாறு படிப்பது, எதில் நம்புவது, எதில் நம்பாதிருப்பது என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். படத்தைப் படிக்கத் தெரியாத பஞ்சாயத்து, தன் ஏரியைப் பற்றிப் பிறர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாகும்.

மேகத்தின் தடை

நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கிறது. ஏரிகள் நிரம்புவதும் அம்மாதங்களில்தான். ஆனால் அம்மாதங்களில் வானம் மேகத்தால் மூடப்பட்டிருக்கும். சாதாரணச் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியைக் கொண்டே படம் எடுப்பவை. மேகத்தின் மேற்புறத்தைத் தவிர வேறொன்றும் அவற்றிற்குத் தெரியாது. ஏரி நிரம்பிக் கலிங்கு வழியும் நாள் எதுவோ, அந்நாளே ஏரி அவற்றின் கண்ணுக்குப் புலப்படாத நாளாகிறது. தை, மாசியில் வானம் தெளியும்போது மதகு திறக்கப்பட்டு நீர் பாதியாகக் குறைந்திருக்கும். அப்போது எடுத்த படத்தைக் கொண்டு ஏரியின் பரப்பைக் கணிப்பது, படியளந்த பிறகு குதிரில் எஞ்சியதைப் பார்த்து விளைச்சலைக் கணக்கிடுவதை ஒக்கும்.

வெள்ளக் காலத்தில் இக்குறை இன்னும் பெரிதாகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணிப் பாசனப் பகுதியில் பல குளங்கள் உடைப்பெடுத்தன. எந்தக் குளம் உடைந்தது, எந்த ஊரை நீர் சூழ்ந்தது என்று அறிய வேண்டிய அந்நேரத்தில் ஒளியைக் கொண்டு எடுக்கும் படங்களால் பயன் இல்லை. அத்தகைய வேளைக்கு ஏற்ற கருவியே ராடார்.

ராடார் என்பது யாது?

ராடார் சூரிய ஒளியை எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. தானே ரேடியோ அலைகளைச் சிறுசிறு துடிப்புகளாகப் பூமியை நோக்கி அனுப்புகிறது. அவை பூமியிற் பட்டுத் திரும்பும்போது அவற்றைப் பெற்றுப் பதிவு செய்துகொள்கிறது. கிணற்றடியில் நின்று குரல் கொடுத்தால் அக்குரல் எதிரொலிப்பதைப் போன்றதே இது. சுமார் 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பிய துடிப்பு, ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு கழியுமுன்னர்த் திரும்பி வந்துவிடுகிறது. தன் விளக்கைத் தானே ஏந்திச் செல்வதால் ராடாருக்கு இரவென்றும் பகலென்றும் வேற்றுமை இல்லை.

மேகம் அதனை ஏன் தடுப்பதில்லை எனின், அலையின் நீளமே காரணம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. மேகத்திலுள்ள நீர்த்திவலை அதனினும் பன்மடங்கு பெரியது. ஆகவே ஒளி அதில் மோதிச் சிதறிவிடுகிறது. ராடார் அலையோ சில சென்டிமீட்டர் நீளமுடையது. குளத்தில் எழும் பெரிய அலை, குறுக்கே நிற்கும் மெல்லிய கோரைத் தண்டைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்வது போல, ராடார் அலை மேகத் திவலைகளைக் கடந்து கீழே வந்துவிடுகிறது.

இவ்வளவு உயரத்திலிருந்து ஓர் ஏரியின் ஓரத்தைப் பிரித்தறிவதற்குச் சில கிலோமீட்டர் நீளமுள்ள ஆண்டெனா வேண்டும். அதனை ஆகாயத்திற்கு ஏற்றுவது ஆகாத காரியம். 1951-இல் கார்ல் வைலி என்னும் அமெரிக்கப் பொறியியலார் இதற்கு ஒரு வழி கண்டார். சிறிய ஆண்டெனா ஒன்று நகர்ந்துகொண்டே பல இடங்களிலிருந்து பெறும் எதிரொலிகளைக் கணக்கிட்டு ஒன்றுசேர்த்தால், நீண்ட ஆண்டெனா ஒன்றினால் பெறும் படத்திற்கு நிகரான படம் கிடைக்கும் என்பதே அவ்வழி. பொதுமக்கள் பயனுக்கான முதல் ராடார்ச் செயற்கைக்கோளாகிய ‘சீசாட்’ 1978-இல் ஏவப்பட்டு, மூன்று மாதங்களுக்குச் சற்றே அதிகமான காலம் வேலை செய்தது.

அதன்பின் பல வந்துள்ளன. நம் நாட்டின் ‘ரிசாட்-1’ 2012 ஏப்ரல் 26-ஆம் தேதியும், அதன் வழிவந்த ‘இஓஎஸ்-04’ 2022 பிப்ரவரி 14-ஆம் தேதியும் சிறீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டன. ஐரோப்பிய நாடுகளின் ‘சென்டினல்-1’ வரிசையில் முதலாவது 2014 ஏப்ரல் 3-ஆம் தேதியும், நான்காவது 2025 நவம்பர் 4-ஆம் தேதியும் ஏவப்பட்டன. இவ்வரிசையில் ஒரு செயற்கைக்கோள் 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி வருகிறது. அதன் படங்களை யாவரும் இலவசமாகப் பெறலாம். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் நாசாவும் கூட்டாகச் செய்த ‘நிசார்’ 2025 ஜூலை 30-ஆம் தேதி சிறீஹரிகோட்டாவிலிருந்தே ஏவப்பட்டது.

நீர் ஏன் கறுப்பாகத் தெரிகிறது?

இரவில் டார்ச் விளக்கை அசைவற்ற குளத்து நீரின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஒளி நீரிற் பட்டு எதிர்க்கரைப் பக்கம் போய்விடும். உங்களை நோக்கித் திரும்பாது. ஆகவே நீர் கறுப்பாகத் தோன்றும். அதே விளக்கைக் கரையின் மேலோ உழுத வயலின் மேலோ அடித்தால், கரடுமுரடான பரப்பிற் பட்டு ஒளி நாற்புறமும் சிதறும். அதில் ஒரு பகுதி உங்கள் கண்ணுக்கும் வரும். ராடாரும் செயற்கைக்கோளிலிருந்து சாய்வாகவே பார்க்கிறது. ஆகையால் அதன் படத்தில் அமைதியான நீர் கறுப்பு. புஞ்சையும் புதரும் சாம்பல் நிறம். வீடுகள் நெருங்கிய ஊர் வெளுப்பு.

படம் முழுவதும் சிறு சதுரக் கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டத்திற்கும் அங்கிருந்து திரும்பிய எதிரொலியின் வலிமை ஓர் எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும். எல்லாக் கட்டங்களையும் வலிமை வாரியாகக் குவித்தால் இரண்டு குவியல்கள் தோன்றும். வலிமை குன்றியது நீர், வலிமை மிக்கது நிலம். இரண்டு குவியல்களுக்கும் இடையே எங்கே கோடு இழுப்பது என்பதே கேள்வி. களத்தில் தூற்றும்போது நெல் ஒருபுறமும் பதர் ஒருபுறமும் விழுந்து, இடையில் சிறிது கலந்து கிடப்பதை நாம் அறிவோம். அந்த இடைப்பகுதியைக் கணக்கினால் பிரிக்கும் ஒரு முறையை 1979-இல் ஜப்பானியரான நொபுயுகி ஒட்சு வெளியிட்டார். நீர்ப்பரப்பைப் பிரிப்பதற்கு இன்றும் அம்முறை பரவலாக உபயோகமாகிறது.

பரப்பைக் கணக்கிடும் முறை

சென்டினல்-1 படத்தின் கட்டம் ஒவ்வொன்றும் 10 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையதாக அமைக்கப்படுகிறது. அஃதாவது 100 சதுர மீட்டர். நூறு கட்டங்கள் ஓர் எக்டேர். ஏறத்தாழ நாற்பது கட்டங்கள் ஓர் ஏக்கர். செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியின் விஸ்தீரணம் சுமார் 30 எக்டேர். அவ்வேரி படத்தில் சுமார் 3,000 கட்டங்களாக அமையும். கறுத்த கட்டங்களை எண்ணினால் அன்றைய நீர்ப்பரப்பு எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

ஆயினும் ஓரத்திலுள்ள கட்டங்கள் பாதி நீரும் பாதி நிலமுமாக இருக்கும். அவற்றை எப்பக்கம் சேர்ப்பது என்பது ஐயமே. ஒரு கிலோமீட்டர் சதுரமுள்ள பெரிய ஏரியில் மொத்தக் கட்டங்கள் 10,000. ஓரக் கட்டங்கள் 396. இவ்வையம் நூற்றுக்கு நான்கே. நூறு மீட்டர் சதுரமுள்ள குட்டையிலோ மொத்தம் 100 கட்டங்கள். அவற்றுள் 36 ஓரக் கட்டங்கள். ஆகவே பெரிய ஏரிக்கு ராடார் கூறும் அளவை நம்பலாம். ஊருணிக்கும் சிறு குட்டைக்கும் நாடாப் பிடித்து அளப்பதே மேல்.

பரப்பு தெரிந்தால் மட்டும் நீரின் அளவு தெரிந்துவிடாது. ராடார் நீரின் மேற்பரப்பைக் காணுமேயன்றி ஆழத்தைக் காணாது. ஆழத்தைத் தர வேண்டியது கிராமம். மதகுச் சுவரில் அளவுக்கோடு வரைந்து, நீர்மட்டத்தை அவ்வப்போது குறித்து வந்தால் கணக்கு எளிதாகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு படத்தில் நீர்ப்பரப்பு 24 எக்டேர், அடுத்த படத்தில் 20 எக்டேர் எனக் கொள்வோம். இடைப்பட்ட நாட்களில் மதகுக் கோட்டில் நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கியிருப்பின், சராசரிப் பரப்பாகிய 22 எக்டேரை அரை மீட்டரால் பெருக்க, 1,10,000 கன மீட்டர் வரும். இது சுமார் 39 லட்சம் கன அடி. பாய்ந்ததும், ஆவியானதும், மண்ணில் ஊறியதும் சேர்ந்த செலவு இது. இக்கணக்கு கையிலிருந்தால், இன்னும் எத்தனை முறை நீர் பாய்ச்சலாம், எத்தனை ஏக்கருக்குக் கோடைப் பயிர் வைக்கலாம் என்று ஆயக்கட்டுதாரர்கள் முன்கூட்டியே முடிவு செய்யலாம்.

நீர்மட்டத்தின் உயரத்தையே ஆகாயத்திலிருந்து அளக்கும் ராடார் ஒன்றும் உண்டு. ‘சுவாட்’ என்னும் அச்செயற்கைக்கோள் 2022 டிசம்பர் 16-ஆம் தேதி ஏவப்பட்டது. எனினும் 250 மீட்டர் சதுரத்திற்கு, அஃதாவது ஏறத்தாழ 6 எக்டேருக்கு மேற்பட்ட ஏரிகளுக்காகவே அது அமைக்கப்பட்டது. நம் ஏரிகளுள் சிறியவற்றிற்கு மதகுக் கோடே துணை.

ராடார் ஏமாறும் இடங்கள்

எந்தக் கருவிக்கும் குறை உண்டு. அதனை முன்னரே அறிந்து வைத்துக்கொள்வது நலம்.

முதலாவது, காற்று. வாடைக் காற்று வலுத்து வீசும்போது நீரின் மேல் சிற்றலைகள் எழும். அப்போது நீரும் கரடுமுரடான பரப்பாகி, வெளுத்துத் தோன்றும். நிறைந்த ஏரி ஒரு நாள் படத்தில் குறைந்து காணப்பட்டால், அடுத்த படத்தையும் பார்த்த பின்னரே முடிவு கூற வேண்டும்.

இரண்டாவது, மணல். வைகை போன்ற ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணற்பரப்பாகக் கிடக்கின்றன. உலர்ந்த மென்மணலிலிருந்து எதிரொலி மிகக் குறைவாகவே திரும்பும். ஆகவே வறண்ட ஆறு, நீர் ஓடும் ஆறு போலக் கறுத்துத் தோன்றக்கூடும். உப்பளமும் அகன்ற தார்ச் சாலையும் இவ்வாறே மயக்கம் தருவன.

மூன்றாவது, நஞ்சை. சம்பா நடவின்போது வயல் முழுவதும் நீர் நிற்பதால் அதுவும் ஏரி போலக் கறுத்துக் காணும். ஆனால் பயிர் வளர வளர அவ்வயல் படிப்படியாக வெளுக்கும். ஏரியோ மாதக் கணக்கில் கறுப்பாகவே இருக்கும். பல தேதிகளின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இந்நிறமாற்றத்தைக் கொண்டே நெல் பயிராகும் பரப்பைக் கணித்து வருகின்றனர். ஏரியை அளப்போர்க்கு இடையூறாவது, நெல்லை அளப்போர்க்கு உதவியாகிறது.

நான்காவது, கால்வாய். மூன்று நான்கு மீட்டர் அகலமே உள்ள வரத்துக் கால்வாய் ஒரு கட்டத்திற்குள் அடங்கிவிடும், படத்தில் தெரியாது. ஏரியின் உயிர் அக்கால்வாயில் இருப்பினும் ராடார் அதனை அறியாது.

ஐந்தாவது, செடியும் மரமும். நம் பகுதிகளில் பெரிதும் கவனிக்கத் தக்கது இதுவே. ஆகாயத்தாமரை நீரை மூடிக்கொண்டால், ராடார் இலையைக் காணுமேயன்றி அடியிலுள்ள நீரைக் காணாது. நீருக்குள் மரம் நிற்குமானால், அலை முதலில் நீரிற் பட்டு, பின் மரத்திற் பட்டு, வந்த வழியே வலுவாகத் திரும்பிவிடும். அவ்விடம் கறுப்பாக இராமல் மிக வெளுப்பாக இருக்கும். வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டும் மரங்கள் நீருக்குள்ளேயே நிற்பவை. சீமைக் கருவேலம் அடர்ந்த ஏரிகளிலும் இதே நிலைதான். எமது வட்டாரத்து ஏரி ஒன்றின் ஜனவரி மாதப் படத்தில், கரையை ஒட்டி ஒரு பட்டையளவே நீர் இருப்பதாகத் தெரிந்தது. உள்வாய் முழுவதும் நீர் நிற்கிறது என்று ஆயக்கட்டுதாரர்கள் உறுதியாகக் கூறினர். நீர்க்கட்டியை உடன் அழைத்துக்கொண்டு உள்ளே சென்று பார்த்தபோது, கருவேலங்காட்டிற்கு அடியில் முழங்கால் அளவு நீர் நின்றது. நிசார் உபயோகிக்கும் 24 சென்டிமீட்டர் அலை, சென்டினல்-1-இன் 5.6 சென்டிமீட்டர் அலையைக் காட்டிலும் இலைகளை ஊடுருவிச் செல்லும் ஆற்றல் மிக்கது. அதன் படங்களால் இக்குறை ஓரளவு நீங்கும். எனினும் உள்ளே இறங்கிப் பார்க்கும் அவசியம் நீங்காது.

நீர் நின்ற எல்லையும் ஏரியின் எல்லையும்

இதுவரை கூறியவற்றைவிட முக்கியமானது இனிக் கூறப்போவது. ராடார்ப் படம் ஒரு குறித்த நாளில் நீர் எதுவரை நின்றது என்பதைத்தான் காட்டும். ஏரி எதுவரை உள்ளது என்பதை அது காட்டாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் ஏரிக்கே கேடு வரக்கூடும்.

ஒரு கிராமத்து ஏரி, அ-பதிவேட்டின்படி 40 எக்டேர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஆண்டுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்ததில், நீர் 26 எக்டேருக்கு மேல் ஒரு முறையும் பரவவில்லை எனத் தெரிகிறது. எஞ்சிய 14 எக்டேரில் நீர் நில்லாமைக்குக் காரணம் என்ன? வரத்துக் கால்வாய் தூர்ந்திருக்கலாம். கலிங்கு உடைந்து, ஏரி நிறையுமுன்னரே நீர் வெளியேறிக்கொண்டிருக்கலாம். நீர் நுழையும் உள்வாய்ப் பக்கத்தில் வண்டல் படிந்து தரை மேடாகியிருக்கலாம். மேலேயுள்ள ஏரியின் கலிங்கில் கல்லடுக்கி உயர்த்தியதால் கீழேரிக்கு நீர் வாராதிருக்கலாம். அல்லது, மேலே கூறியபடி, கருவேலங்காடு நீரை மறைத்திருக்கலாம். இக்காரணங்களுள் எது உண்மையாயினும் அந்த 14 எக்டேர் ஏரி நிலமே. அங்கே நீர் நிற்கவில்லை என்பது ஏரிக்குற்ற நோயின் அறிகுறியாகும். அந்நிலம் ஏரிக்கு வேண்டாதது என்பதற்குச் சான்று ஆகாது.

ஆனால் அப்படத்திலுள்ள 26 எக்டேரே ஏரி என்று யாரேனும் குறித்துவிட்டால் நிகழ்வது யாது? முதலில் அவ்விடத்தில் ஒரு பருவத்திற்கு மட்டும் என்று ஏர் பூட்டுவார்கள். பின்னர் வேலி வரும். அதன்பின் வீடு வரும். சில ஆண்டுகளில் பெருமழை பெய்து நீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும்போது, ‘வெள்ளம் ஊருக்குள் புகுந்தது’ என்பார்கள். ஊர்தான் ஏரிக்குள் புகுந்தது என்பதை நினைவூட்ட அன்று எவரும் இருக்கமாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பெருமழைக்கு மறுநாள் எடுத்த படத்தில், ஏரிக்கு மேற்புறம் உள்ள ஒரு விவசாயியின் பட்டா நிலமும் கறுத்துத் தோன்றலாம். அதனால் மட்டும் அது ஏரிப் புறம்போக்கு ஆகிவிடாது. படத்தைக் காட்டி அவரை அஞ்சச் செய்வது நீதியன்று. கீழ்க்கரையார் கலிங்கை உயர்த்தியதால் அவருடைய நிலம் மூழ்கியிருப்பின், அதே படம் அவருக்கும் சாட்சியாகும்.

எல்லையை நிலைநாட்டுவது நில அளவையே. பொதுப்பணித் துறையின் ஏரிகளுக்கென 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இயற்றப்பட்டது. அரசாங்கப் புறம்போக்கு நிலங்கள் யாவற்றிற்கும் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் உண்டு. இவற்றின்கீழ் நடவடிக்கை எடுப்பதற்குப் புலப்படமும் அ-பதிவேடும் ஊன்றிய கல்லுமே அடிப்படை. ராடார்ப் படம் அவற்றிற்குத் துணைச் சான்று. அவற்றின் இடத்தை அது பெறாது.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

இவ்வேலைக்குப் பெருஞ்செலவு இல்லை. வேண்டுவன ஒழுங்கும் ஒற்றுமையுமே.

1. பஞ்சாயத்து எல்லையிலுள்ள ஏரி, குளம், ஊருணி ஒவ்வொன்றின் சர்வே எண்ணையும் பதிவேட்டு விஸ்தீரணத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து பெற்று, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கவும். புலப்படத்தின் நகலையும் வாங்கி வைக்கவும்.

2. பருவமழைக்கு முன்னரே ஒவ்வொரு மதகுச் சுவரிலும் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக வண்ணத்தில் வரையச் செய்யவும். நீர்க்கட்டியோ நீர்ப்பாய்ச்சியோ வாரம் ஒருமுறை தேதியுடன் நீர்மட்டத்தைக் குறித்து வரட்டும்.

3. ஏரி நிரம்பிக் கலிங்கு வழியும் நாளில், நீரின் ஓரமாகப் பத்து இடங்களிலேனும் முளையடித்து, அவ்விடங்களைக் கைப்பேசியில் இருப்பிடக் குறியுடன் பதிவு செய்யவும். கைப்பேசியின் பிழை சில மீட்டரே. ராடார்க் கட்டத்தின் அளவிற்கு அது போதும்.

4. அருகிலுள்ள வேளாண்மைக் கல்லூரி அல்லது பொறியியற் கல்லூரியின் ஆசிரியர்களை யூனியன் வாயிலாக அணுகி, ஏரியின் படங்களைக் கேட்டுப் பெறவும். ஒரு படம் மட்டும் போதாது. அக்டோபர் முதல் மார்ச் வரை மாதம் ஒன்றாகவேனும், 2015 முதல் இன்றுவரை உள்ள ஆண்டுகளுக்குக் கேட்கவும். படங்கள் இலவசமானவை என்பதையும் எடுத்துக் கூறவும்.

5. ஒரே தாளில் மூன்று கோடுகள் வரையச் செய்யவும்: நில அளவை எல்லை சிவப்பு, எந்த ஆண்டிலேனும் நீர் எட்டிய பேரெல்லை நீலம், புதர் மண்டிய இடம் பச்சை.

6. அத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி நடந்து வரவும். உறுப்பினர்கள், நீர்க்கட்டி, ஆயக்கட்டுதாரர், உள்வாயை அடுத்துப் பட்டா நிலம் உடையவர், ஏரியில் ஆடு மாடு மேய்ப்போர், ஏரி வேலைக்குச் செல்லும் பெண்கள் ஆகிய அனைவரும் உடன் வரட்டும். சிவப்புக் கோட்டிற்கும் நீலக் கோட்டிற்கும் இடையே வேறுபாடு காணும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, காரணத்தை விசாரித்து எழுதவும்.

7. காரணத்திற்கேற்ற வேலையைத் தீர்மானமாக நிறைவேற்றி யூனியனுக்கு அனுப்பவும். கால்வாய் தூர்ந்திருப்பின் கால்வாய் வெட்டுதல். கலிங்கு பழுதாயின் கலிங்கு கட்டுதல். வண்டல் மேடாயின் வண்டல் எடுத்தல். புதராயின் வேரோடு களைதல். கால்வாய் அடைபட்டிருக்க ஏரியின் நடுவில் பள்ளம் தோண்டுவதால் பயன் விளையாது.

கிராம சபையில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1-ஆம் தேதியும் உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22-ஆம் தேதியும் கிராம சபை கூடுகிறது. முன்னது ஏரி நிறையத் தொடங்கும் காலம். பின்னது ஏரி வற்றத் தொடங்கும் காலம். இவ்விரு நாட்களிலும் பின்வரும் வினாக்களை எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஏரி கடைசியாக முழுமையும் நிறைந்தது எந்த ஆண்டு? அவ்வாண்டின் படத்தில் நீர் எதுவரை சென்றுள்ளது?

இவ்வாண்டு அதே அளவு மழை பெய்திருந்தும் நீர் குறைந்திருப்பின், குறை கால்வாயிலா, கலிங்கிலா, உள்வாயிலா?

நமக்கு மேலுள்ள ஏரியும் கீழுள்ள ஏரியும் எந்த நாட்களில் நிறைந்தன? மூன்று ஊர்ப் பஞ்சாயத்துகளும் ஒரே படத்தை முன்வைத்துக் கூடிப் பேசலாகாதா?

மதகுக் கோட்டின் கணக்குப்படி, மார்ச் மாதத்தில் எஞ்சிய நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும்? கால்நடைகளுக்கென விட்டுவைக்க வேண்டியது எவ்வளவு?

இவ்வினாக்களுக்கு விடை கூறவல்லவர் வேறெங்கும் இல்லை, ஏரிக்கரையிலேயே இருக்கின்றனர். நீர் நின்ற இடத்தை ஆகாயத்திலுள்ள ராடார் பன்னிரண்டு நாட்களுக்கு ஒருமுறை எழுதி வைக்கிறது. நீர் நிற்க வேண்டிய இடம் எது என்பதை ஊர்ப் பெரியவர்களும் நீர்க்கட்டியும் பழைய பதிவேடும் அறியும். இரண்டையும் ஒரே தாளில் எழுதி, வேறுபடும் இடத்திற்கு மண்வெட்டியை எடுத்துச் செல்வது பஞ்சாயத்தின் கடமை. வரும் பருவமழைக்கு முன்னர் ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஓர் ஏரியிலேனும் இவ்வேலையைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.